கேஸ் ஷீட்டும் மரபணுக் கோப்பும் சேரும் இடம்

இதயத் தசையில் உள்ள ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணு எம்.ஒய்.பி.பி.சி.3. அதன் 32-ஆம் இன்ட்ரானில், அதாவது புரதத்துக்கான செய்தி இல்லாத இடைப்பகுதியில், 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாறுபாடு, தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. 2009-இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் இதற்கும் இதயச் செயலிழப்புக்கும் உள்ள தொடர்பை எழுதிய குழுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையும் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு கேள்வி நின்றது. இந்த மாறுபாட்டைச் சுமக்கும் பலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். சிலருக்கு மட்டும் இதயம் பலவீனமாகிறது. ஏன்? 2018-இல் அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் நடந்த ஓர் ஆய்வு விடையின் ஒரு பகுதியைத் தந்தது. 25 எழுத்து விடுபட்டவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் டி389வி என்ற இன்னொரு மாறுபாடும் சேர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்தவர்களின் எக்கோவில் இதயம் அளவுக்கு மீறிச் சுருங்குவது தெரிந்தது.

இந்த ஒரு வரி முடிவைச் சொல்ல, ஒரே ஆளுடைய மரபணு விவரமும் எக்கோ எண்களும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. எக்கோவைத் தனியாக ஆயிரம் பேருக்கு வைத்திருந்தாலும், மரபணு வரிசையைத் தனியாக ஆயிரம் பேருக்கு வைத்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் நடப்பது இப்படித் தனித்தனியாக வைப்பதுதான். எக்கோ இதயத் துறையில், மரபணு ரிப்போர்ட் பி.டி.எஃப் ஆக யாரோ ஒருவரின் மின்னஞ்சலில், குடும்ப விவரம் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் பேனாவால்.

சர்வர் வாங்கினால், மென்பொருள் போட்டால் இவை தானாக ஒன்றுசேரும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. சேராது. ஓ.பி.யில் படிவத்தை நிரப்பும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் எது பின்னால் இணையும், எது இணையாது என்பது முடிவாகிறது. அந்த நிமிடத்தில் விடுபட்டதை மூன்று வருடம் கழித்து எந்தப் புரோகிராமராலும் மீட்க முடியாது.

எழுதாமல் விட்டது 'இல்லை' ஆகாது

மருத்துவப் பக்கத்தில் முதல் வேலை, அறிகுறிகளை எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் சொற்களில் பதிவது. ஒரு கேஸ் ஷீட்டில் 'ஃபிட்ஸ்' என்று இருக்கும், அடுத்ததில் 'வலிப்பு', அம்மா சொன்னதை அப்படியே எழுதியதில் 'ஜன்னி கண்டது'. கணினிக்கு இவை மூன்று வேறு நோய்கள். இதற்காகவே எச்.பி.ஓ. என்ற அறிகுறிச் சொற்றொகுதி 2008-இல் பெர்லினில் தொடங்கியது. இன்று அரிய மரபணு நோய் ஆய்வில் உலகம் முழுவதும் அதுதான் பொது மொழி. வலிப்புக்கு எச்.பி:0001250. காய்ச்சலோடு வரும் வலிப்புக்குத் தனியாக எச்.பி:0002373. 'ஜன்னி' என்று வீட்டார் சொன்னால் காய்ச்சல் இருந்ததா என்று அப்போதே கேட்டு, இந்த இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு வருடம் கழித்து டேட்டா என்ட்ரி ஆள் ஊகிக்கக் கூடாது.

வயதையும் சேர்த்து எழுத வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே 'வளர்ச்சித் தாமதம்' என்று எச்.பி:0001263 போடுவோம், வளர்ந்த பிறகு அதே குழந்தைக்கு 'அறிவுத்திறன் குறைபாடு' என்ற எச்.பி:0001249 பொருந்தும். வயது இல்லாத வரிசையில் இந்த இரண்டும் இரண்டு வேறு குழந்தைகள் போலத் தெரியும். சொற்களைப் பொதுவாக இல்லாமல் குறிப்பாகத் தேர்ந்தெடுங்கள். 'நரம்பு மண்டலக் கோளாறு' என்ற ஒற்றை வார்த்தையால் யாருக்கும் பயனில்லை. நன்றாகத் தேர்ந்த ஐந்து முதல் பத்துச் சொற்கள் இருந்தால் ஒரு குழந்தையை இன்னொரு நாட்டில் உள்ள அதே நோய்க் குழந்தையோடு ஒப்பிட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் விட அதிகம் தொலைவது 'பார்த்தோம், இல்லை' என்ற தகவல்தான். காது கேட்கும் திறனைச் சோதித்து, குறை இல்லை என்று கண்டீர்களா, அல்லது சோதிக்கவே இல்லையா? கேஸ் ஷீட்டில் இரண்டும் வெற்றிடமாகவே இருக்கும். ஆனால் காது கேளாமையோடு வரும் ஒரு நோய்த்தொகுப்பைத் தள்ளிவிட முதல் வகை உதவும், இரண்டாம் வகை உதவாது. பீனோபேக்கெட் என்ற பரிமாற்ற வடிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. ஒவ்வோர் அறிகுறிக்கும் 'விலக்கப்பட்டது' என்று ஆம் அல்லது இல்லை போடலாம். 2013-இல் உருவான ஜி.ஏ.4ஜி.எச். என்ற உலகக் கூட்டமைப்பு வகுத்த வடிவம் இது, 2022-இல் ஐ.எஸ்.ஓ. 4454 என்று தரமாகவும் ஏற்கப்பட்டது. உங்கள் படிவத்தில் ஒவ்வோர் அறிகுறிக்கும் 'உண்டு, இல்லை, பார்க்கவில்லை' என்று மூன்று வட்டம் வையுங்கள். இரண்டு வட்டம் போதாது.

இதே பிழை மரபணுப் பக்கத்திலும் அச்சு அசலாக இருக்கிறது. லேப் தரும் வி.சி.எஃப் என்ற மாறுபாட்டுப் பட்டியல் கோப்பில் வழக்கமாக மாறுபாடுகள் மட்டுமே எழுதப்படும். ஒருவரின் முழு ஜீனோமில், எல்லோரும் அளவுகோலாக வைத்திருக்கும் ஒப்பீட்டு வரிசையிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்கள் மாறியிருக்கும். அவை மட்டும் வரிகளாக வரும். ஓர் இடம் கோப்பில் இல்லை என்றால் அங்கே மாறுபாடு இல்லை என்றும் இருக்கலாம், அந்த இடத்தை, மரபணுவைப் படிக்கும் கருவியான சீக்வென்சர் சரியாகப் படிக்கவே இல்லை என்றும் இருக்கலாம். வரிசையில் '0/0' என்றால் பார்த்தோம், மாறுபாடு இல்லை. './.' என்றால் தெரியவில்லை. பல நோயாளிகளின் கோப்புகளைப் பி.சி.எஃப்.டூல்ஸ் என்ற மென்பொருள் கொண்டு ஒன்றாக்கும்போது '-0' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், தெரியாதவை எல்லாம் '0/0' ஆகிவிடும். அட்டவணை முழுமையாக நிரம்பி அழகாகத் தெரியும். ஒரு மாறுபாடு மக்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று சொல்லும் அலைவெண் கணக்கு அத்தனையும் தவறாகும். ஆகவே லேபிடம் வி.சி.எஃப் மட்டும் வாங்காதீர்கள். படித்த இடங்களையும் படிக்காத இடங்களையும் சேர்த்துச் சொல்லும் ஜி.வி.சி.எஃப் கோப்பை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். அது முடியாவிட்டால், ஒவ்வோர் எழுத்தும் 20 முறைக்குக் குறையாமல் படிக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலையாவது வாங்கி வையுங்கள்.

மாறுபாட்டின் முகவரி

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் மிக அதிகமாகக் காணப்படும் மாறுபாடு எஃப்508டெல். சி.எஃப்.டி.ஆர். மரபணுவில் மூன்று எழுத்துகள் விடுபட்டுப் போனது. இந்த ஒன்றை வைத்தே எல்லாச் சிக்கலையும் பார்த்துவிடலாம்.

அந்த இடத்தில் வரிசை இப்படி ஓடுகிறது: ஏ, டி, சி, டி, டி, டி, ஜி. நடுவில் 'டி-சி-டி'யை எடுத்தாலும் மிஞ்சுவது ஏ, டி, டி, ஜி. ஓர் எழுத்து தள்ளி 'சி-டி-டி'யை எடுத்தாலும் மிஞ்சுவது அதேதான். எந்த மூன்று விடுபட்டது என்று இயற்கையில் விடை கிடையாது. எழுதுவோர் ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். வி.சி.எஃப் வழக்கம் முடிந்தவரை இடது பக்கம் தள்ளி எழுதுவது. அதன்படி 7-ஆம் குரோமோசோமில் ஜி.ஆர்.சி.எச்.38 என்ற ஒப்பீட்டு ஜீனோம் பதிப்பின் கணக்கில் 117559590-ஆம் இடம், 'ஏடிசிடி' என்பது 'ஏ' ஆனது. மருத்துவ ரிப்போர்ட்டில் வரும் எச்.ஜி.வி.எஸ். விதியோ மரபணு படிக்கப்படும் திசையில் கடைசி வரை தள்ளச் சொல்கிறது. அதன்படி அது சி.1521_1523டெல், ஜீனோம் எண்ணில் 117559592 முதல் 117559594 வரை. ஒரே மாறுபாடு, இரண்டு முகவரி. இரண்டு மருத்துவமனைகளின் பட்டியலை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருள், இருவரிடமும் ஒரே மாறுபாடு இருப்பதைக் காணாமலே போய்விடும்.

சி.எஃப்.டி.ஆர். முன்னோக்கி ஓடும் மரபணு என்பதால் இந்த இரண்டு விதிகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. முதலில் சொன்ன எம்.ஒய்.பி.பி.சி.3 எதிரிழையில் ஓடுவது. அங்கே மரபணுவின் கடைசி என்பது ஜீனோமின் இடது. ஆகவே இரண்டு விதிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஒரு மரபணுவில் சரிபார்த்துவிட்டு 'எங்கள் மாற்றி சரியாக வேலை செய்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். இரு திசையிலும் ஓடும் மரபணுக்களைச் சேர்த்துச் சோதியுங்கள்.

இதோடு ஒப்பீட்டு ஜீனோமின் பதிப்பு. 2009-இல் வந்தது ஜி.ஆர்.சி.எச்.37, 2013-இல் வந்தது ஜி.ஆர்.சி.எச்.38. இதே எஃப்508டெல் பழைய பதிப்பில் 117199644-ஆம் இடத்தில் இருக்கிறது. வித்தியாசம் 359,946 எழுத்துகள். எண்ணை மட்டும் எழுதி, பதிப்பை எழுதாத ரிப்போர்ட் இரண்டில் எது என்று தெரியாமல் நிற்கும். இன்னும் மோசமானது, தவறான பதிப்பிலும் அந்த எண்ணில் ஏதோ ஓர் எழுத்து இருக்கத்தான் செய்யும். அதனால் மென்பொருள் பிழை என்று கத்தாது. ஒப்பீட்டு எழுத்து கோப்பில் சொன்னபடி இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பதுதான் வழி. 'பி.சி.எஃப்.டூல்ஸ் நார்ம்' கட்டளைக்கு ஒப்பீட்டு ஜீனோம் கோப்பைக் கொடுத்து, '-m -', '-c w' என்ற விருப்பங்களையும் சேர்த்தால் இடது தள்ளல், ஒரே வரியில் உள்ள பல மாறுபாடுகளைப் பிரித்தல், ஒப்பீட்டு எழுத்துச் சோதனை மூன்றும் நடக்கும். பொருந்தாத வரிகள் ஒன்றிரண்டுக்கு மேல் வந்தாலே பதிப்பு மாறிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு தனிப் பொறி உண்டு. ஜி.ஆர்.சி.எச்.37 பதிப்பு எச்.ஜி.19 என்ற பெயரில் பரவிய கோப்பில் மைட்டோகாண்ட்ரியா வரிசை 16,571 எழுத்து நீளம். மருத்துவ உலகம் பயன்படுத்தும் கேம்பிரிட்ஜ் வரிசை 16,569. இரண்டு எழுத்து வித்தியாசம்தான். ஆனால் அது நுழைந்த இடத்துக்குப் பின்னால் எல்லா எண்களும் நகர்ந்துவிடும்.

ரிப்போர்ட்டை வாங்கும்போது ஒரு மாறுபாட்டுக்கு இவை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஜீனோம் பதிப்பு, குரோமோசோம், இடம், ஒப்பீட்டு எழுத்து, மாறிய எழுத்து, டிரான்ஸ்கிரிப்ட் (மரபணுவின் ஆர்.என்.ஏ. நகல்) எண் அதன் பதிப்போடு, ஒற்றைப் பிரதியா இரட்டைப் பிரதியா என்பது. டிரான்ஸ்கிரிப்டுக்கு மேன் செலக்ட் பட்டியலைப் பின்பற்றச் சொல்லுங்கள். அமெரிக்காவின் என்.சி.பி.ஐ.யும் ஐரோப்பாவின் இ.பி.ஐ.யும் ஒரு மரபணுவுக்கு ஒரு டிரான்ஸ்கிரிப்ட் என்று ஒத்துக்கொண்ட பட்டியல் அது.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. மார்ச்1, செப்ட்2 என்று பெயர் கொண்ட மரபணுக்களை அது தேதியாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலோடு வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-இல் கணக்கிட்டார்கள். கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்ற வேண்டி வந்தது. பழைய பட்டியல்கள் இன்னும் பழைய பெயரோடுதான் இருக்கின்றன. மரபணுப் பெயரோடு, பெயர்களை வகுக்கும் எச்.ஜி.என்.சி. குழு அதற்குத் தந்த எண்ணையும் சேர்த்து வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

மூன்று பேர் இரத்தம், ஏழு வரி

நம் ஊரில் சொந்தத்தில் திருமணம் அதிகம் என்பதால் குடும்ப விவரம் மற்ற இடங்களை விட இங்கே கூடுதல் கவனத்தோடு பதியப்பட வேண்டும். படிவத்தில் 'இரத்த உறவுத் திருமணம்: ஆம்' என்று மட்டும் கேட்டால் போதாது. அத்தை மகனா, மாமன் மகளா, தாய்மாமனா? அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை மணந்து பிறந்த குழந்தைக்கு ஜீனோமில் சராசரியாக 6.25 சதவீதம் இரு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும். தாய்மாமனை மணந்து பிறந்த குழந்தைக்கு அது 12.5 சதவீதம், சரியாக இரண்டு மடங்கு.

பகுப்பாய்வு மென்பொருள்கள் குடும்பத்தைப் பெட் கோப்பு என்ற ஆறு பத்தி அட்டவணையில் வாங்கிக்கொள்ளும்: குடும்ப எண், ஆள் எண், தந்தை, தாய், பாலினம், நோய். குழந்தை, அம்மா, அப்பா மூவருக்கும் சீக்வென்சிங் செய்திருந்தால் மூன்று வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதில் அம்மாவும் அப்பாவும் அந்நியர்கள். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன் என்று சொல்ல வேண்டுமானால், அம்மாவுக்குத் தன் தாய், தந்தை வரி வேண்டும். அம்மாவின் தாயும் குழந்தையின் அப்பாவும் ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்று காட்ட அந்தப் பெற்றோர் இருவருக்கும் வரி வேண்டும். மொத்தம் ஏழு வரி. நால்வரிடம் இரத்தம் எடுக்கவே இல்லை, சிலர் இறந்தே போயிருப்பார்கள். ஆனாலும் வரி வேண்டும். அந்த நான்கு வரிகள் இல்லாவிட்டால் குழந்தையிடம் காணும் நீண்ட ஒரே மாதிரிப் பகுதிகளை மென்பொருள் பிழை என்றோ, ஒரு குரோமோசோம் துண்டு விடுபட்டது என்றோ தவறாகப் படிக்கும்.

அதே கோப்பில் கடைசிப் பத்தியில் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெட் கோப்பில் நோய் உள்ளவர் 2, இல்லாதவர் 1, தெரியாதவர் 0. மருத்துவமனை டேட்டாபேஸ்களில் நோய் உள்ளவர் 1, இல்லாதவர் 0 என்பதே வழக்கம். அப்படியே நகலெடுத்தால் நோயாளிகள் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள் ஆகிவிடுவார்கள். ஆரோக்கியமானவர்கள் 'தெரியாது' ஆகிவிடுவார்கள். ஓட்டம் நடுவில் நிற்காது. முடிவு வரும், வெறுமையாக வரும். 'இந்தக் குடும்பத்தில் எதுவும் கிடைக்கவில்லை' என்று மூடிவைத்துவிடுவார்கள். இப்படி மூடப்பட்ட குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

இரத்தக் குழாய் மாறிப்போவதும் நடக்கும். இணைத்தவுடன் இரண்டு சோதனைகளைக் கட்டாயம் ஓட்டுங்கள். எக்ஸ் குரோமோசோமில் இருவகை எழுத்து எவ்வளவு, ஒய் குரோமோசோமில் படிப்பு எவ்வளவு என்று பார்த்து, கேஸ் ஷீட்டில் உள்ள பாலினத்தோடு ஒப்பிடுவது ஒன்று. உறவுக் கணக்கு மற்றது. கிங் என்ற மென்பொருள் தரும் எண் 0.354-க்கு மேல் என்றால் ஒரே ஆள் அல்லது ஒரே கருவில் பிறந்த இரட்டையர், 0.177 முதல் 0.354 வரை பெற்றோர்-பிள்ளை அல்லது உடன்பிறந்தோர், 0.0884 முதல் 0.177 வரை தாத்தா-பேரன், மாமன்-மருமகள் போன்ற இரண்டாம் நிலை. சொந்தத்தில் மணந்த குடும்பங்களில் எண்கள் இந்த எல்லைகளை மீறி மேலே போகும். அதை உடனே குழாய் மாற்றம் என்று நினைக்க வேண்டாம். தந்தை என்று எழுதப்பட்டவர் உயிரியல் தந்தை இல்லை என்று தெரியவரும் சந்தர்ப்பமும் வரும். அதை யார் பார்ப்பது, எங்கே பதிவது, யாரிடமும் சொல்லாமல் எப்படிக் காப்பது என்று ஆய்வு தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் முடிவு வாங்கியிருக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு யோசிப்பது ஒரு குடும்பத்தை உடைத்துவிடும்.

லேப் எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலகு இல்லாத எண்ணை ஏற்காதீர்கள். கிரியேட்டினின் 1.2 மி.கி./டெ.லி. என்பதும் 106 மைக்ரோமோல்/லி. என்பதும் ஒன்றே; பெருக்கும் எண் 88.4. சர்க்கரையில் மி.கி./டெ.லி. எண்ணை 18-ஆல் வகுத்தால் மில்லிமோல்/லி. வரும். எக்கோவில் 'எல்.வி. நார்மல்' என்ற வாக்கியம் ஆய்வுக்கு ஆகாது, இ.எஃப். எண் (இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் இரத்தத்தின் சதவீதம்), சுவர்த் தடிப்பு மில்லிமீட்டரில், எந்த முறையில் அளந்தது, எந்தத் தேதி என்பது வேண்டும். '<0.01' என்று வரும் முடிவை 0.01 என்றோ 0 என்றோ மாற்றாமல் குறியைத் தனிப் பத்தியில் வையுங்கள். மருந்துகளில் பிராண்டுப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் மூலப்பெயரையும் ஏ.டி.சி. என்ற மருந்து வகைப்பாட்டுக் குறியீட்டையும் சேருங்கள். கூட்டு மாத்திரை என்றால் ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஒரு வரி.

யாரோடு ஒப்பிடுகிறோம்

ஒரு மாறுபாடு நோய்க்குக் காரணமா என்று முடிவு செய்ய, அது பொதுமக்களிடம் எவ்வளவு காணப்படுகிறது என்பது முக்கியச் சான்று. அமெரிக்க மரபியல் கல்லூரியின் 2015 விதிகளின்படி மக்களில் 5 சதவீதத்துக்கு மேல் அலைவெண் இருந்தால் அது ஒன்றே தீங்கற்றது என்று சொல்லப் போதும். எந்த மக்கள் என்பதுதான் கேள்வி. இதயத் தசைத் தடிப்பு நோய்க்குக் காரணம் என்று வகைப்படுத்தப்பட்ட சில மாறுபாடுகள் கறுப்பின அமெரிக்கர்களிடம் இயல்பாகவே அதிகம் என்று 2016-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' கட்டுரை காட்டியது. பலருக்குத் தவறான முடிவு சொல்லப்பட்டிருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் கறுப்பினத்தவர் சிலரைச் சேர்த்திருந்தாலே அந்தத் தவறு தவிர்க்கப்பட்டிருக்கும்.

நமக்கும் இது அப்படியே பொருந்தும். நோமேட் என்ற உலக மரபணுத் தொகுப்பின் நான்காம் பதிப்பில் 807,162 பேர் இருக்கிறார்கள். பெரும்பான்மை ஐரோப்பிய வம்சாவளி. எம்.ஒய்.பி.பி.சி.3-இன் 25 எழுத்து மாறுபாட்டை மொத்த அலைவெண்ணில் பார்த்தால் அரிதாகத் தெரியும். தெற்காசியப் பத்தியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். எப்போதும் குழுக்களுக்குள் மிக அதிகமான அலைவெண்ணை எடுங்கள். அதோடு இந்த மாறுபாடு, புரதத்துக்கான செய்தி உள்ள எக்ஸான் பகுதியிலிருந்து 17 எழுத்து தள்ளித் தொடங்குகிறது. எக்ஸானுக்கு இருபுறமும் 10 எழுத்து மட்டும் வைத்து மற்றதை வடிகட்டும் வழக்கம் பல லேப்களில் உண்டு. அங்கே இது ரிப்போர்ட்டுக்கே வராது.

1000 ஜீனோம் திட்டத்தின் 2,504 பேரில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் இருக்கிறார்கள். தமிழர் மரபணுவோடு ஒப்பிட வெளிப்படையாகக் கிடைக்கும் தொகுதி என்பதால் பலர் இதை எடுக்கிறார்கள். 102 பேர் என்றால் 204 பிரதிகள். 500-இல் ஒரு பிரதியில் இருக்கும் ஒரு மாறுபாடு இந்த 204-இல் ஒருமுறைகூடத் தெரியாமல் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. 'தமிழர் தொகுதியில் இல்லை' என்று எழுதும் முன் இந்தக் கணக்கை நினையுங்கள். பூஜ்யம் கண்டால், உண்மை அலைவெண் 1.5 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்றுதான் பொருள்.

ஆகவே டெல்லி ஐ.ஜி.ஐ.பி. ஆய்வு நிறுவனத்தின் இண்டிஜென் 1,029 ஜீனோம்களும், ஜீனோம் இந்தியா திட்டமும் பெரிய வரம். ஜீனோம் இந்தியாவின் டேட்டா 2025 ஜனவரி 9-ஆம் தேதி ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

பெயரை நீக்கினால் போதுமா

போதாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 30 முதல் 80 மரபணு இடங்கள் ஒருவரை உலகில் தனியாக அடையாளம் காட்டப் போதும் என்று 2004-இலேயே கணக்கிட்டுவிட்டார்கள். 2008-இல் இன்னொரு கட்டுரை, தனிநபர் வரிசையே இல்லாமல் கூட்டு அலைவெண்களை மட்டும் வைத்து ஒருவர் அந்த ஆய்வில் இருந்தாரா என்று சொல்ல முடியும் என்று காட்டியது. உடனே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய எண்களைத் திறந்த வெளியிலிருந்து எடுத்துவிட்டது. 'இந்த மாறுபாடு உங்களிடம் இருக்கிறதா' என்றால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் பீக்கன் சேவையிலும்கூட, 1,000 பேர் உள்ள தொகுதியில் 5,000 கேள்விகளில் ஒருவரைக் கண்டுகொள்ளலாம் என்று 2015-இல் தெரிந்தது.

நம் சூழலில் இதைவிட எளிய கசிவுகள் உண்டு. அரிய நோய், தாலுகா, சாதி மூன்றும் ஒரு வரிசையில் இருந்தால் அந்தக் குழந்தை யார் என்று ஊர் டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். சாதி விவரம் மருத்துவத்துக்குத் தேவையில்லாததும் அல்ல. அகமண முறையால் சில சமூகங்களில் சில மாறுபாடுகள் குவிந்திருக்கின்றன. ஆர்ய வைசியரிடம் பி.சி.எச்.இ. மரபணு மாறுபாடு அதிகம் என்பதால், மயக்க மருத்துவர், அந்த மாறுபாடு உள்ளவர் உடலால் எளிதில் உடைக்க முடியாத சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தியைக் கொடுக்கும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உயிர் காக்கும். எனவே அந்தப் பத்தியை வையுங்கள், ஆனால் கட்டுப்பாட்டுக்குள் வையுங்கள். திறந்த கோப்பில் மாநிலம், பெரும் மொழிக்குழு அளவில் மட்டும் கொடுங்கள்.

நோயாளி எண்ணைக் கைபேசி எண்ணிலிருந்து ஹேஷ் செய்து, அதாவது ஒரு கணக்கு விதியால் வேறோர் எழுத்துக்கோவையாக மாற்றி, உருவாக்குவது பரவலான பழக்கம். இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தம் 400 கோடி சாத்தியம். ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் அட்டை அத்தனையையும் சில நிமிடங்களில் ஹேஷ் செய்து ஒப்பிட்டுவிடும். ரகசியச் சாவி சேர்க்காத ஹேஷ் பூட்டே இல்லாத கதவு. தற்செயல் எண் கொடுங்கள். எந்த எண் யாருக்கு என்ற ஏட்டை ஆய்வுக் கணினிக்கு வெளியே, வேறொருவர் பொறுப்பில் வையுங்கள்.

தேதிகளை நீக்க வேண்டாம், நகர்த்துங்கள். ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் அவருக்கென்று தேர்ந்த ஒரே எண்ணிக்கை நாட்கள் முன்னோ பின்னோ தள்ளினால் இடைவெளிகள் அப்படியே இருக்கும். பிறந்த நாள் மறையும். எண்ணிக்கை அட்டவணைகளில் 5-க்குக் குறைந்த கட்டங்களை மறைப்பது வழக்கம். அப்போது மொத்தத்தையும் பாருங்கள். மொத்தம் 20, பெண்கள் 18 என்று போட்டு ஆண்களை மட்டும் மறைத்தால் கழித்துப் பார்க்கத் தெரியாதவர் யார்?

ஒரே நோயாளி இரு மருத்துவமனைகளில் இருந்தால் சேர்ப்பது எப்படி என்று கேட்பார்கள். பெயரை நம்பி இறங்காதீர்கள். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி மூவரும் ஒருவரே. வயதை மட்டும் எழுதிப் பிறந்த தேதியை விட்டிருப்பார்கள். ஒப்புதல் இருந்தால் ஒரே கருவில் பிறந்த இரட்டையரைத் தவிர, மரபணு உறவுக் கணக்கே ஒரே ஆளைச் சந்தேகமில்லாமல் சொல்லிவிடும்.

எதை எங்கே கொடுப்பது

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறப்பது தேவையில்லை. மாறுபாடு, நோய், வகைப்பாடு, அதற்கான சான்று என்ற அளவில் கிளின்வார் என்ற பொதுத் தளத்தில் பதிவது எந்தத் தனிநபர் ஜீனோமையும் வெளியே விடாது. ஆனால் பயன் மிகப் பெரியது. 'பொருள் தெளிவில்லை' என்று நீங்கள் வகைப்படுத்தியதையும் பதியுங்கள். உங்களிடம் ஒன்று, வேறொரு நாட்டில் ஒன்று என்று தனித்தனியாகக் கிடப்பவை சேர்ந்தால்தான் தெளிவு வரும். புதிய மரபணு என்று சந்தேகமா, ஜீன்மேச்சர் என்ற தளம் வழியாக மரபணுப் பெயரையும் அறிகுறிச் சொற்களையும் பதிந்தால் அதே மரபணுவைச் சந்தேகிக்கும் மற்ற மருத்துவரோடு இணைத்துவிடும். தனிநபர் வரிசைக் கோப்புகளைக் கட்டுப்பாட்டு அனுமதியோடு இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கலாம். வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் ஐ.சி.எம்.ஆர். வழியே, சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவான எச்.எம்.எஸ்.சி.யின் அனுமதி தேவை, அதற்கான மாதங்களைத் திட்டத்தில் முதலிலேயே ஒதுக்குங்கள்.

இவை எதுவும் ஒப்புதல் படிவத்தைத் தாண்டிப் போக முடியாது. தமிழில், படித்துச் சொன்னால் புரியும் தமிழில், தனித்தனிக் கட்டமாகக் கேளுங்கள்: இந்த ஆய்வுக்கு மட்டுமா, மற்ற நோய் ஆய்வுகளுக்கும் சரியா, வெளிநாட்டோடு பகிரலாமா, தனியார் நிறுவனத்தோடு பகிரலாமா, பின்னால் புதிதாக ஏதேனும் தெரிந்தால் உங்களைத் தொடர்புகொள்ளலாமா. அந்தப் பதில்களை ஸ்கேன் செய்த படமாக மட்டும் வைக்காமல், டேட்டாவை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் டியூஓ குறியீடாக ஒவ்வொரு நோயாளி வரிசையிலும் எழுதுங்கள். எல்லா ஆய்வுக்கும் என்றால் டியூஓ:0000042, மருத்துவ ஆய்வுக்கு மட்டும் என்றால் டியூஓ:0000006, குறிப்பிட்ட நோய்க்கு மட்டும் என்றால் டியூஓ:0000007. அப்போதுதான் நீரிழிவு ஆய்வுக்குக் கேட்கும்போது, இதய நோய்க்கு மட்டும் சம்மதித்தவர்களை ஒரு கட்டளையில் விலக்க முடியும். ஆயிரம் படிவங்களைப் பீரோவிலிருந்து எடுத்துப் படிக்க யாருக்கும் நேரம் கிடைக்காது. படிக்காமல் கொடுப்பது அவர்கள் நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம்.

விலகிக்கொள்ள விரும்பினால் என்ன ஆகும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம்மிடம் உள்ளதை அழிக்கலாம், இனிமேல் பகிராமல் நிறுத்தலாம். ஏற்கெனவே வெளியான கூட்டு எண்களிலிருந்து ஒருவரைப் பிரித்து எடுக்க முடியாது.

அந்தக் கடைசிக் கட்டம், பின்னால் தொடர்புகொள்ளலாமா என்பது, படிவத்தில் பெரும்பாலும் இல்லாமலே போகிறது. இன்று 'தெளிவில்லை' என்ற மாறுபாடு நாலு வருடம் கழித்து 'நோய்க்குக் காரணம்' என்று மாறும்போது, அந்தக் குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கான கர்ப்பம் இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் பட்டியலைக் கிளின்வாரின் புதிய பதிப்போடு ஒப்பிட்டு, வகை மாறிய வரிகளை மட்டும் தனியே எடுங்கள். எண்-பெயர் ஏட்டை வைத்திருப்பவரிடம் அந்த எண்களைக் கொடுங்கள். பழைய கைபேசி எண் வேலை செய்யாமல் போயிருக்கும். அதனால் பதியும் நாளிலேயே இரண்டாவதாக ஒரு உறவினரின் எண்ணையும் கேட்டு அந்த ஏட்டில் எழுதி வையுங்கள்.